உப்பளத்துப் பிள்ளைகளின் மாலைப் பள்ளியும் அதைத் தாங்கும் வழிகளும்

தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காட்டுப் பக்கத்திலும் வடக்கே தருவைக்குளம், வேப்பலோடைப் பக்கத்திலும் பரந்து கிடக்கும் உப்பளங்களில் தை, மாசி தொடங்கிப் புரட்டாசி வரையில்தான் வேலை உண்டு. ஐப்பசி பிறந்து பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகளெல்லாம் நீரில் முழுகிப்போக, அளத்துக் கூலியை நம்பிய குடும்பங்கள் முன்பணத்தையும் கடனையும் கொண்டே மூன்று மாதங்களை ஓட்டியாக வேண்டும். வேலை உள்ள காலத்திலோ, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்கும் பொருட்டுத் தாயும் தந்தையும் விடியுமுன்னரே புறப்பட்டுவிடுவதால், தம்பி தங்கையரை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. அத்தகைய பிள்ளைகளுக்காக ஒரு தெருவில் நடந்துவரும் மாலைப் பள்ளிக்குப் பணம் திரட்டுவதும், திரண்ட பணத்தை உரிய வேளையில் உரிய கையில் சேர்ப்பதுமே, துறைமுகக் கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற எனக்குப் பல ஆண்டுகளாக வாய்த்திருக்கும் பணி. இவ்வித வித்தியாதானத்தில் ஈடுபட விரும்புகிறவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்ற நம்பிக்கையில் நான் கண்டறிந்தவற்றை எழுதுகிறேன்.

முதலாவது, எது வளையலாம், எது வளையக் கூடாது என்ற பாகுபாடு. கொடுப்பவர் பணமாகக் கொடுக்கலாம், பொருளாகக் கொடுக்கலாம், மாதந்தோறும் கொடுக்கலாம், ஆண்டுக்கொரு முறை கொடுக்கலாம், தம் பொழுதையே கொடுக்கலாம்; இவை யாவும் அவரவர் சௌகரியப்படி வளைந்துகொடுக்கத் தக்கவை. ஆனால், மாலை ஆறு மணிக்கு வந்து விளக்கைப் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்கும் ஆசிரியையின் மாதச் சம்பளம் ஒன்று மட்டும் எக்காரணத்தாலும் தவறலாகாது. அதே தெருவில் பிறந்து பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண், இரண்டு மாதச் சம்பளம் தாமதமானால் துணிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவளுக்குப் பின் வருகிறவள் பிள்ளைகளின் பெயரையும் அவரவர் தடுமாறும் இடத்தையும் அறிந்துகொள்வதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். "அண்ணாச்சி, டீச்சர் மாறிக்கிட்டே இருந்தா பிள்ள யாரு மூஞ்சியப் பாத்துப் படிக்கும்?" என்று அளத்து வேலைக்குப் போகும் ஒரு தாய் என்னிடம் கேட்டது, நான் படித்த அநேக அறிக்கைகளைக் காட்டிலும் தெளிவான நிர்வாக உபதேசம்.

ஆகையால் அந்தச் சம்பளத்தை ஒரே தனவந்தரின் பொறுப்பில் விடாமல், நடுத்தர வருவாயுள்ள பன்னிரண்டு பேர் தலைக்கு 500 ரூபாய் வீதம் பகிர்ந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்தோம். ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரு கல்வியாண்டுக்கு வாக்குக் கொடுப்பது, விலக நேர்ந்தால் மூன்று மாதங்களுக்கு முன்னரே தெரிவிப்பது, எந்நேரமும் மூன்று மாதச் சம்பளம் வங்கியில் தனியே இருப்பது, இவ்வளவுதான் நிபந்தனை. ஒருவருக்கு வேலை போய்விட்டாலும், மற்றொருவர் வீட்டில் கல்யாணச் செலவு வந்துவிட்டாலும், அந்தச் சேமிப்பு இடைவெளியைத் தாங்கிக்கொள்ள, பதிலுக்கு ஒருவரைத் தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

மாதந்தோறும் கொடுக்க இயலாதவர்களுக்கு மழைக்காலத்தைச் சுட்டிக்காட்டுவது என் வழக்கம். ஆலைகளிலும் கடைகளிலும் வேலை செய்கிறவர்களுக்குத் தீபாவளிப் போனஸ் கைக்கு வரும் அதே ஐப்பசியில்தான் அளத்துக் குடும்பங்களின் வருவாய் அடியோடு நின்றுபோகிறது. ஆண்டில் ஒருமுறை மட்டும் கொடுக்கக் கூடியவர்கள் அந்த மூன்று மாதங்களின் மாலைச் சுண்டலையும் பாலையும் ஏற்றுக்கொண்டால், பசியினால் நின்றுவிடக் கூடிய பிள்ளைகள் நிற்பதில்லை. இதைக் கண்ணாரக் கண்டே சொல்கிறேன்: சுண்டல் உள்ள மழைக்காலத்திலும் இல்லாத மழைக்காலத்திலும் வருகைப் பதிவேடு ஒரே மாதிரி இருந்ததில்லை. இதில் புதுமையும் ஒன்றுமில்லை. காமராஜர் காலத்தில், 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது ஊரார் தந்த அரிசியும் பருப்புமே அதற்கு ஆதாரமாக இருந்தன. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ரொக்கத்தோடு நிலமும் கட்டடமும் பெஞ்சும் உடலுழைப்பும் நன்கொடைகளாகக் குவிந்தன. அவரவரிடம் இருப்பதை அவரவர் கொடுக்க வழி வகுத்த அந்த ஏற்பாட்டின் விசாலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது.

பொருளாகக் கொடுப்பதில் ஒரு சிரமம் உண்டு. வேண்டாத பொருள் வந்து சேரும். கோடிட்ட நோட்டு தேவைப்படும்போது வரைபட நோட்டுகள் கட்டுக்கட்டாக வரும். கிழிந்த பாடநூல்கள் மூட்டையாக வரும். இதற்கு நாங்கள் கண்ட பரிகாரம் பற்றுக் கணக்கு. பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் பள்ளியின் பெயரில் ஒரு பற்று. ஆசிரியை தேவையானதை அவ்வப்போது எழுதி வாங்குவாள். மாத முடிவில் கடைக்காரர் தரும் சீட்டை ஒரு நன்கொடையாளர் நேரே போய்த் தீர்த்துவிடுவார். என்ன வாங்கப்பட்டது என்பதைக் கொடுத்தவர் கண்ணால் காண்கிறார். பணமோ எங்கள் கையைத் தொடுவதேயில்லை.

படிப்பை நடுவில் விட்டு அளத்து வேலைக்குப் போன பிள்ளைகள் விஷயத்தில் வேறொரு ஏற்பாடு அவசியமாகிறது. அவர்கள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத முன்வந்தால், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்திற்குக் கட்டணம் உண்டு. கடைசித் தேதி யாருக்காகவும் காத்திராது. இத்தருணத்தில் குழு கூடி, தீர்மானம் எழுதி, கையொப்பம் வாங்கிப் பணம் கொடுப்பதென்றால் ஓராண்டு வீணாகிவிடும். ஆகவே, ஒரு சிறு தொகையை ஆசிரியையிடமே ஒப்படைத்து, அன்றைக்கே செலவு செய்துவிட்டு அடுத்த வாரம் கணக்குச் சொன்னால் போதும் என்று விட்டுவிடுங்கள். இவ்வித நம்பிக்கையை நாங்கள் வைத்த பிறகு ஒரு விண்ணப்பமும் தவறியதில்லை.

பணமில்லாதவர்களின் உபகாரம் பணத்திற்குக் குறைந்ததன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான, மத்திய அரசுத் திட்டமாகிய தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேறியவர்களுக்கு, குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேற்படாதிருந்தால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. நான்காண்டில் அது 48,000 ரூபாய். ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியர் சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுக்க, மற்றொருவர் வருமானச் சான்றிதழுக்காகப் பெற்றோரை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய் வந்தால், இருவரும் தம் சட்டைப் பையிலிருந்து ஒன்றும் எடுக்காமலே அத்தொகையைப் பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கொடுத்தவர்களாகிறார்கள். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்து, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் அனுபவம் பெற்ற பெண்கள் பலர் இன்றும் ஊர்களில் இருக்கிறார்கள். ஆசிரியை தேடுகிறவர்கள் முதலில் அவர்களை விசாரிப்பது நல்லது.

காலஞ்சென்ற பெற்றோர் பெயரில் வைப்புநிதி ஏற்படுத்த விரும்புகிறவர்களிடம் நான் தயக்கமின்றிச் சொல்வது ஒன்று: முதல் மதிப்பெண் பெறுகிறவருக்குப் பரிசு என்று எழுதிவைக்காதீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு மேலும் ஒரு கேடயம் கிடைப்பதால் தெருவில் யாதொரு மாறுதலும் நேர்வதில்லை. வட்டியை அந்த ஆண்டின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்று எழுதினால், ஓராண்டில் மின்கட்டணமும், மற்றோராண்டில் பெண்பிள்ளைகளை இரவில் வீடு வரை கொண்டுபோய் விடும் ஆட்டோக் கூலியும் அதிலிருந்து போகும். அந்தப் பெற்றோர் பெயர் விளங்கும்.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 80ஜி அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தின் வழியே கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு. ஆனால் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கே அது பொருந்தும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குக் கழிவு கிடையாது. வெளிநாட்டில் வசித்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்நியக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களின் பணத்தை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற ஸ்தாபனங்கள் மட்டுமே, அதுவும் புது டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கணக்கின் மூலமே, பெற முடியும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியிருப்பதால் அவர்களையும் அணுகலாம். கணினியும் கட்டடமும் தருவதாகச் சொன்னால், ஆசிரியைச் சம்பளத்தையும் அதில் சேர்க்கும்படி பணிவோடும் பிடிவாதத்தோடும் கேளுங்கள்.

மாதக் கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒட்டி, தாய்மார் இருவரைப் பார்த்துக் கையெழுத்திடச் செய்வது எங்கள் நியமம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நோட்டுக் கொடுப்பதைப் படம் எடுக்க நாங்கள் யாரையும் அனுமதிப்பதில்லை. அதற்காகச் சிலர் கொடுக்காமல் திரும்பியதுண்டு, அதைப்பற்றி எனக்கு வருத்தமில்லை.

மாதம் 200 ரூபாய்தான் முடியும் என்று கூச்சப்படுகிறவர்களும் உங்கள் ஊரில் இத்தகைய மாலைப் பள்ளி எங்கே நடக்கிறதென்று விசாரித்து, ஒரு நாள் மாலை நேரில் போய்ப் பாருங்கள். ஆசிரியைக்குப் போன மாதச் சம்பளம் வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். வரவில்லை என்றால் உங்கள் 200 ரூபாய் அதற்கே போகட்டும். வந்துவிட்டதென்றால், ஸ்டேஷனரிக் கடை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.