கடலில் ஆக்கிரமிப்பு மீன்கள்: சிங்கமீன் தரும் பாடம்

மாணவர்களே, அந்நிய இனமும் ஆக்கிரமிப்பு இனமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதிப் புள்ளிகளை இழப்போர் பலர். நெடுந்தீவில் நிற்கும் பெருக்குமரம் ஆபிரிக்காவுக்கு உரியது. எனவே அது அந்நிய இனம். ஆயினும் அது தீவை மூடிப் பரவவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பார்த்தீனியமோ யாழ்ப்பாணத் தோட்டக்காணிகளில் மண்டிப் பயிரையும் மனிதரையும் வருத்துகின்றது. மனிதச் செயலால் புதிய இடத்தை அடைந்து, தானாகப் பெருகிப் பரவி, அங்குள்ள உயிரினங்களுக்கோ பொருளாதாரத்துக்கோ சுகாதாரத்துக்கோ தீங்கு செய்வதே ஆக்கிரமிப்பு இனமாகும்.

கடலில் இதற்கு மிகச் சிறந்த உதாரணம் எமது பக்கத்து மீனே. செந்நிற வரிகளும் விசிறி போன்ற செட்டைகளும் கொண்ட சிங்கமீன் இந்து, பசுபிக் சமுத்திரங்களுக்குச் சுதேசமானது. இலங்கைக் கடலிலும் உண்டு. இங்கு அது முருகைக்கற்பாறைகளில் வாழும் பல மீன்களுள் ஒன்று மட்டுமே. 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. மீன்தொட்டிகளில் வளர்த்தோர் கடலில் விட்டமையே காரணம் எனக் கருதப்படுகின்றது. 2010 அளவில் கரிபியன் கடலின் பெரும்பகுதியில் அது பரவிவிட்டது. (இலங்கையும் அலங்காரக் கடல்மீன்களை ஏற்றுமதி செய்யும் நாடு என்பதை நினைவில் வைத்திருங்கள்.) மத்தியதரைக் கடலுக்கு அது சூயெஸ் கால்வாய் வழியாகச் சென்றது. 2012இன் பின்னர் லெபனான், சைப்பிரஸ் பகுதிகளில் வேகமாகப் பெருகியது.

அதே மீன் அங்கு மட்டும் ஏன் அழிவு செய்கின்றது? அங்குள்ள சிறுமீன்களுக்கு இந்த இரைகௌவி புதியது. ஆபத்தென அறியாமல் அருகே நிற்கின்றன. ஒரு பெண்மீன் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் முட்டைகளை இடக்கூடியது. முட்டைகளும் குடம்பிகளும் நீரோட்டத்தில் நெடுந்தூரம் செல்கின்றன. பகாமாஸில் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், சிங்கமீன் இருந்த சிறு பாறைத்திட்டுகளில் ஐந்து வாரங்களில் புதிதாகச் சேர்ந்த சுதேச மீன்குஞ்சுகள் 79 சதவீதம் குறைந்திருந்தன.

இனிக் கட்டுப்பாட்டுக்கு வருவோம். வினாக்களில் அதிகம் கேட்கக்கூடிய பகுதி இதுவே. பார்த்தீனியத்தை வேருடன் பிடுங்கலாம். கடல்மீனை அவ்வாறு செய்ய முடியாது. சிங்கமீன் பாறை இடுக்குகளில் வாழ்வதால் வலை பயன்படாது; தூண்டிலிலும் அரிதாகவே அகப்படும். எனவே சுழியோடிகள் ஈட்டியால் குத்தியே பிடிக்கின்றனர். ஆனால் அது 300 மீற்றர் ஆழத்திலும் காணப்பட்டுள்ளது. அங்கே சுழியோடி செல்ல முடியாது. குடித்தொகை குறைய வேண்டுமாயின் வளர்ந்த மீன்களில் 27 சதவீதத்தை மாதந்தோறும் அகற்ற வேண்டும் என 2011இல் வெளியான கணிப்பொன்று காட்டியது. ஆகவே "முற்றாக ஒழித்தல்" என விடை எழுதாதீர்கள். "தெரிவுசெய்த பாறைகளில் எண்ணிக்கையைக் குறைத்து வைத்தல்" என்பதே பொருத்தம். பிடிபோட்டிகளும் உணவாக விற்றலும் இதற்கு உதவுகின்றன. இறைச்சி உண்ணத்தக்கது, நஞ்சு 18 முட்களிலேயே உண்டு. முள் குத்தினால், தாங்கக்கூடிய சுடுநீரில் (ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ்) அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் அவ்விடத்தை அமிழ்த்தி, வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

எமது தீவுகளுக்கு இதில் என்ன தொடர்பு? நெடுந்தீவு, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றைச் சூழ முருகைக்கற்பாறைகள் உள்ளன. மீன்குஞ்சுகளின் புகலிடமும் கரையோர மீனவரின் வருமானமும் இவையே. எதிர்க்கரையில், இராமேஸ்வரத்தை அடுத்த குருசடைத் தீவில், வளர்ப்புக்கெனக் கொண்டுவரப்பட்ட கப்பாபைக்கஸ் என்னும் கடற்பாசி முருகையின்மேல் படர்ந்தமை 2008இல் அறிவிக்கப்பட்டது. அப்பாசி வட மாகாணக் கரையோரங்களிலும் வளர்க்கப்படுகின்றது; அறுந்த துண்டுகளைச் சேகரித்துக் கரைசேர்ப்பது அதனால் முக்கியமாகின்றது. கப்பல்கள் நிறைசமநிலைக்காக ஏற்றும் நீரும் குடம்பிகளைக் காவும். அதற்கான சர்வதேச உடன்படிக்கை 2004இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்தது.

பயிற்சி

குறிகாட்டுவான் இறங்குதுறையில் மீனவர் ஒருவர் முன்பு கண்டிராத மீனொன்றைக் கொண்டுவருகிறார் எனக் கொள்க.

(அ) அது ஆக்கிரமிப்பு இனமா எனத் தீர்மானிக்க நீங்கள் கேட்கும் மூன்று வினாக்களை எழுதுக.

(ஆ) மீனை மீண்டும் கடலில் விடாமல், படம் எடுத்துக் கடற்றொழில் திணைக்களத்துக்கு அறிவிப்பது ஏன் பயனுடையது?

(இ) அதே இனம் நயினாதீவிலும் பரவலாகக் காணப்படின், உங்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் எவ்வாறு மாறும்?