துப்புரவின் பின் இயங்காத கணினி: பழுதைக் கண்டறிதல்



கணினியின் பாகங்களை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஆயினும் "கணினி இயங்கவில்லை, காரணம் யாது?" என ஒரு சம்பவம் தரப்பட்டால் பலர் தடுமாறுகின்றீர்கள். இப்பாடம் அதற்கானது.

சம்பவம்

கட்டுகஸ்தோட்டையில் மாத்தளை வீதியோரம் வசிக்கும் என் மாணவர் ஒருவர் தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது, கணினிப் பெட்டியையும் திறந்து தூசி தட்டினார். மீண்டும் பூட்டி ஆளியை அழுத்தினார். மின்விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது. பரீட்சைக்கு மூன்று வாரமே இருந்தது. ஓராண்டுக் குறிப்புகள் முழுவதும் வன்தட்டில். "தாய்ப்பலகை பழுது, மாற்ற வேண்டும்" என்றார் பார்த்த ஒருவர். தந்தையார் கடன் கேட்கப் புறப்பட்டுவிட்டார்.

நான் கேட்டது ஒரே கேள்விதான்: "துடைக்கும்போது எதைக் கழட்டினீங்க?"

"ராம் மட்டுந்தான் சேர்."

ராமின் ஒரு பக்கக் கவ்வி பூட்டப்படாமல் இருந்தது. கழற்றி மீண்டும் நன்கு பொருத்தியதும் கணினி இயங்கியது. ஒரு ரூபாவும் செலவில்லை. நான் கலைப் பட்டதாரி, பழுதுபார்ப்பவன் அல்லன். இங்கு உதவியது ஒழுங்காகச் சிந்தித்தமையே.

நினைவிற் கொள்க: நேற்று இயங்கியது இன்று இயங்காவிடின், இடையில் கை வைத்த இடத்தையே முதலில் சோதிக்க வேண்டும்.

கணினி தொடங்கும் ஒழுங்கு

1. வலு வழங்கல் அலகு 230 வோற்று ஆடலோட்ட மின்னை 12, 5, 3.3 வோற்று நேரோட்ட மின்னாக மாற்றி வழங்கும்.
2. மத்திய செயற்பாட்டு அலகு, தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் மென்பொருளை இயக்கும்.
3. பயோஸ், நினைவகம் முதலிய வன்பொருள்களைச் சோதிக்கும்.
4. பணிசெயல் முறைமை வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றப்படும்.

எந்தப் படியில் நின்றது என அறிந்தால், தேட வேண்டிய இடமும் தெரியும்.

அறிகுறியும் சோதிக்க வேண்டியதும்

அ. விளக்கு எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை: சுவர்க் குதை, மின்வடம், பெட்டியின் பின்புற ஆளி, தாய்ப்பலகைக்குச் செல்லும் 24 முனை இணைப்பு, முன்புற ஆளியின் சிறு கம்பிகள்.

ஆ. விசிறி சுழல்கிறது, திரை இருள்: திரையின் வடம், ராம், காட்சி அட்டை, மத்திய செயற்பாட்டு அலகுக்கான 4 அல்லது 8 முனை மின் இணைப்பு. பீப் ஒலி கேட்டால் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்க. அதன் பொருள் தயாரிப்புக்கேற்ப வேறுபடும்.

இ. எழுத்துகள் தோன்றுகின்றன, பணிசெயல் முறைமை ஏறவில்லை: வன்தட்டின் வடங்கள். தாய்ப்பலகையின் 3 வோற்று மின்கலத்தைக் கழற்றியிருந்தால் பயோஸ் அமைப்புகளும் மாறியிருக்கலாம்.

ஈ. இயங்கிச் சற்று நேரத்தில் அணைகிறது: மத்திய செயற்பாட்டு அலகின் மேலுள்ள விசிறி, வெப்பத்தை அகற்றும் உலோகப் பகுதி.

ஒரு தடவையில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து சோதிக்க. பலவற்றை ஒன்றாக மாற்றினால் உண்மைக் காரணம் தெரியாமற் போகும்.

பாதுகாப்பு

• ஆளியை அணைத்தல் போதாது. செருகியைக் குதையிலிருந்து அகற்றுக.
• பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே பாகங்களைத் தொடுக. நிலைமின் அதிர்ச்சி நமக்கு ஏறத்தாழ 3,000 வோற்றில்தான் உணரப்படும். அதனிலும் குறைந்த அளவே சில்லுகளைப் பழுதாக்கும்.
• ஈரத்துணி பயன்படுத்த வேண்டாம். ஈரம் பட்டிருப்பின் முற்றாக உலரும்வரை மின் வழங்க வேண்டாம்.
• வலு வழங்கல் அலகைத் திறக்கவே கூடாது. செருகியை அகற்றிய பின்னும் அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம்.
• எரிந்த மணம் வந்தால் உடனே நிறுத்தி, பயிற்சி பெற்றவரிடம் காட்டுக.

மாதிரி வினா

ராமைக் கழற்றித் துடைத்த பின் ஒரு கணினியின் விசிறி சுழல்கிறது. திரையில் எதுவும் தோன்றவில்லை. சாத்தியமான காரணம் ஒன்றையும் அதற்கான நியாயத்தையும் தருக.

மாதிரி விடை

ராம் சரியாகப் பொருந்தாமை. விசிறி சுழல்வதால் மின் கிடைக்கின்றது. நினைவகம் கண்டறியப்படாததால் ஆரம்பச் சோதனை நிறைவுறவில்லை. எனவே திரையில் எதுவும் தோன்றவில்லை.

"ராம் பழுது" என்று மட்டும் எழுதினால் நியாயத்துக்குரிய புள்ளியை இழப்பீர்கள்.

பயிற்சி

துப்புரவின் பின் கணினி இயங்கி, ஐந்து நிமிடத்தில் தானாக அணைகிறது. முதலில் எதனைச் சோதிப்பீர்கள்? ஏன்? விடையை மூன்று வரிகளில் எழுதி, மேலேயுள்ள பகுதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.