குதிரைக்குக் கற்பித்தல்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் பரந்த மேய்ச்சல் நிலங்களையுடைய அரசினர் கால்நடைப் பண்ணை ஒன்று உள்ளது. 1824ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படைக்கு வேண்டிய குதிரைகளுக்காக அதனை அமைத்தனர். 1965இல் தருமபுரி மாவட்டம் தோன்றியபோது அதனுள் அடங்கியிருந்த அப்பகுதி, 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது.

குதிரையைப் பழக்குவோர் சவுக்கையும் முள்ளையுமே பெரிதும் நம்பியிருந்த காலம் உண்டு. ஆயினும், சினங்கொண்டு குதிரையை அணுகலாகாது என ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க அறிஞர் செனபன் அறிவுறுத்தினார். குதிரை புல்லுண்ணும் விலங்கு. கொடிய விலங்குகளிடமிருந்து ஓடியே உயிர் பிழைத்த இனம். அச்சம் அதன் உடன்பிறந்தது. அஞ்சிய குதிரை கற்பதில்லை. உதைக்கவோ ஓடவோ செய்கின்றது.

இக்காலத்தில் வேறொரு முறை பரவி வருகின்றது. அதற்குரிய கருவி ‘கிளிக்கர்’ எனப்படும். உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியை அழுத்தினால் ‘டிக்’ என்னும் ஒலி எழும். முதலில், ஒலி எழுந்தவுடன் கைப்பிடி அளவு ஊறவைத்த கொள்ளு தரப்படும். சில முறைக்குள் ஒலியைத் தொடர்ந்து உணவு வரும் என்பதைக் குதிரை உணர்ந்துகொள்ளும். பின்னர், நாம் விரும்பும் செயலை அது செய்யும் அந்நொடியிலேயே ஒலி எழுப்புதல் வேண்டும்.

உணவை மட்டும் கொடுத்தால் போதாதோ? போதாது. உணவு வாயை அடைவதற்குள் குதிரை வேறொன்றைச் செய்துவிடும். எச்செயலுக்குப் பரிசு கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. ஒலியோ உரிய நொடியைச் சுட்டிக் காட்டுகின்றது.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர், இத்தகைய ஒலியால் விலங்குகளுக்குக் கற்பிக்கும் வகையை 1951ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினார். கேரன் பிரையர் என்னும் பெண்மணி 1960களில் ஊதல் ஒலியால் ஓங்கில்களைப் பழக்கினார். அலெக்சாண்டிரா கர்லண்டு என்பார் 1998இல் இம்முறையைக் குதிரைகளுக்கு உரைத்து ஒரு நூல் வெளியிட்டார்.

குளம்பைத் தொடவிடாத குதிரையொன்றை எண்ணிப் பாருங்கள். குளம்பில் கல் சிக்கிப் புண்ணானால் அதனை அகற்ற வழியில்லை, குதிரை நொண்டியாகிவிடும். இதனை வலிந்து பிடித்தல் இருவர்க்கும் கேடு. முதல் நாள் தோளைத் தொடும்போது அசையாது நின்றால் ஒலியும் கொள்ளும். அடுத்து முழங்காலைத் தொடுதல். பின்னர்க் காலை இமைப்பொழுது உயர்த்துதல். இவ்வாறு சிறுசிறு படிகளாகச் சென்றால், குதிரை தானே காலைத் தூக்கித் தரும். சேணம் ஏற்றலும், ஏறுவோன் அமரும்வரை அமைதியாய் நிற்றலும் இவ்வாறே கற்பிக்கப்படும்.

இம்முறையிலும் விழிப்பு வேண்டும். கொள்ளுப் பையை முகத்தால் முட்டும் குதிரைக்கு உணவு தரலாகாது. முகத்தைத் திருப்பிப் பொறுத்து நின்றால்தான் பரிசு என்பதே முதற் பாடம். தவறும்போது அடித்தலும் கூடாது. படி பெரிதாயிற்று என உணர்ந்து, முந்திய படிக்கு மீளுதல் வேண்டும்.

பிழை நேருங்கால் மாணவனை வையாது, தன் கற்பிக்கும் முறையை ஆராய்பவனே நல்லாசிரியன். குதிரையின்முன் நிற்பவனுக்கும் அதுவே கடன். அச்சத்தால் பணியும் குதிரை சவுக்கு மறைந்ததும் பணிவை மறக்கும். நம்பிக்கையால் பழகிய குதிரையோ அழைத்த குரலுக்கு ஓடி வரும்.