உரிந்தால்தான் மருந்தா?

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

டொக்டர் எழுதிக் கொடுத்த அடபலீன் ஜெல்லைப் பூசி நாலு நாளாகியும் முகம் எரியவில்லை, தோலும் உரியவில்லை, இனி ரெண்டு வேளையும் பூசட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்ற எண்ணம் உனக்கு மட்டும் வந்ததல்ல. உன் ஜெல்லின் இனத்தைச் சேர்ந்த, விட்டமின் ஏ வழிவந்த ட்ரெட்டினோயின் பருவைக் குறைக்கும் என்று அமெரிக்காவில் அல்பர்ட் கிளிக்மன் 1969இல் எழுதிய காலத்தில், முகம் சிவந்து உரிவதை வைத்தியர்களே சிகிச்சையோடு சேர்ந்ததாகத்தான் பார்த்தார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது நீ பூசுகிற அடபலீன்தான். 900 பேர் வரை சேர்ந்த ஐந்து ஆய்வுகளை 1998இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, 0.1 சதவீத அடபலீனும் 0.025 சதவீத ட்ரெட்டினோயினும் பருவை ஏறக்குறைய ஒரே அளவு குறைத்திருந்தன. எரிச்சல் அடபலீனில் குறைவு. ஆக, எரிச்சல் வேறு, பலன் வேறு.

பலன் தாமதமாவதற்கும் காரணம் உண்டு. மயிர்க்கால் துவாரத்தின் உள்ளே உதிர வேண்டிய தோல் ஒட்டிக்கொண்டு எண்ணெயோடு சேர்ந்து அடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த அடைப்புத்தான் சில வாரம் கழித்துப் பருவாகிறது. இந்த மருந்து முக்கியமாக அடைப்பைத்தான் தடுக்கிறது, வெளியே வந்துவிட்ட பருவை உடனே போக்குவதில்லை. அதனால் பரு மேல் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை, முகம் முழுக்கப் பூச வேண்டும். முதல் சில வாரங்களில் பரு கூடியது போலவும் தெரியலாம். மூன்று மாதம் ஆகாமல் நல்லது கெட்டது சொல்லக் கூடாது.

கொஞ்சம் எரிந்தால் என்ன, தாங்கிக்கொள்ளலாமே என்பாய். வெள்ளைத் தோல்காரருக்கு எரிச்சல் சிவந்து அடங்கிவிடும். நம்முடைய மாநிறத்தில் அது கறுப்புக் கறையாக மாதக்கணக்கில் நிற்கலாம். பருவைப் போக்கப் போய்க் கறையை வாங்குவானேன்? இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு ஜெல் எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, நாடியில் புள்ளி வைத்து மெல்லத் தடவு. கண் ஓரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். டொக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். தை மாதப் பனியில் நீ இருக்கும் நுவரெலியாப் பக்கம் சும்மாவே முகம் வெடிக்கும். அப்போது வாசனையில்லாத கிறீமை மேலே பூசி, ஜெல் போடும் நாளை இன்னும் குறைத்துக்கொள்.

இங்கே வெயிலே இல்லை, மப்பும் மந்தாரமுமாக இருக்கிறதே, சன்ஸ்கிரீன் எதற்கு என்பது அடுத்த கேள்வியாக வரும். ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். நுவரெலியா சுமார் 1,900 மீற்றர் உயரம். மெல்லிய மேகம் சூட்டை மறைக்கும், கதிரில் பெரும்பகுதியை மறைக்காது. மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் முக்காடு போடுவது வெறும் குளிருக்கு மட்டுமல்ல. சன்ஸ்கிரீன் விலை கட்டுப்படியாகாத மாதத்தில் அகன்ற தொப்பியோ குடையோ இல்லாமல் இறங்காதே.

கூட்டாளி பூசும் பெயர் தெரியாத கிறீம் ஒரு கிழமையில் முகத்தைப் பளபளப்பாக்குகிறதே என்று எழுதியதுதான் எனக்குப் பயம். அப்படிச் சட்டென்று வெளுக்க வைப்பதில் பெரும்பாலும் ஸ்டெரொயிட் இருக்கும், சிலதில் பாதரசம். ஸ்டெரொயிட்டைப் பூசப் பூசத் தோல் மெலிந்துபோகும், நிறுத்தியதும் பரு முன்னையைவிடக் கொதித்துக் கிளம்பும். பாமசியில் சீட்டில்லாமல் தந்தாலும் வாங்காதே.

இன்னொன்று, கூச்சப்படாமல் கேள்: வயிற்றில் பிள்ளை தங்கினாலோ, தங்க வேண்டும் என்று நினைத்தாலோ, ஜெல்லை நிறுத்திவிட்டு டொக்டரிடம் சொல்ல வேண்டும். முகம் வீங்கினாலும், தண்ணீர் பட்டாலே எரிந்தாலும் அப்படித்தான். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது நீ பூசுகிற எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ, பெயர் அழிந்துபோனதையும் சேர்த்து.

அன்புடன்,
சித்தி