பணிநீக்க ஆணையும் டீக்கடைச் சட்டமும்

பணிநீக்க ஆணை கைக்கு வந்த அன்றே அரசு ஊழியருக்குச் சட்டம் சொல்ல ஆட்கள் கூடிவிடுவார்கள். சங்கத்துக்காரர் ஒன்று சொல்வார், ஓய்வுபெற்ற சூப்பிரண்டெண்ட் இன்னொன்று சொல்வார், டீக்கடையில் பழக்கமான வக்கீல் குமாஸ்தா மூன்றாவதாக ஒன்று சொல்வார். எல்லாமே நல்லெண்ணத்தில் சொல்வதுதான். கெட்ட காலம், அவற்றில் பல சட்டப் புத்தகத்திலிருந்து அடித்துப் பல ஆண்டுகளான விதிகள். சில, எந்தக் காலத்திலும் விதியாகவே இல்லாதவை. அடிக்கடி காதில் விழும் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பேச்சு பெரும்பாலும் தமிழ்நாடு அரசு ஊழியர்களைப் பற்றியது.

“கவர்ன்மென்ட் வேலை. 311 இருக்கிற வரைக்கும் ஒருத்தனும் கை வைக்க முடியாது.”

அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு வேலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. வேலையைப் பறிக்கும் முறைக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. நியமித்த அதிகாரியைவிடக் கீழ்நிலையில் இருப்பவர் பணிநீக்கம் செய்யக்கூடாது. குற்றச்சாட்டு என்னவென்று சொல்லி, விசாரணை நடத்தி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புத் தந்த பிறகே தண்டனை. அவ்வளவுதான். அதிலும் மூன்று விலக்குகள் அதே பிரிவுக்குள் உட்கார்ந்திருக்கின்றன: குற்றவியல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர், விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என்று காரணம் எழுதிவைக்கப்பட்டவர், நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு நீக்கப்படுபவர். இவர்களுக்கு விசாரணையே தேவையில்லை என்று 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இன்னொன்று. போக்குவரத்துக் கழக நடத்துநருக்கும் மின்வாரிய வயர்மேனுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. கழகமும் வாரியமும் அரசுக்குச் சொந்தமானவைதான். ஆனால் அங்கே பார்க்கும் வேலை அரசுப் பதவி ஆகாது. அவர்களுக்கான பாதுகாப்பு நிறுவனத்தின் பணிவிதிகளிலும் தொழிலாளர் சட்டத்திலும் இருக்கிறது. அந்தப் பாதையில் ஓர் அனுகூலமும் உண்டு: தண்டனை மிகை என்று பட்டால் தொழிலாளர் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். உயர் நீதிமன்றம் அவ்வளவு எளிதாக அதைச் செய்யாது.

2003 ஜூலை வேலைநிறுத்தத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். “ஒன்றே முக்கால் லட்சம் பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். கோர்ட்டுக்குப் போய் எல்லோரும் திரும்ப வந்தோமே?” வந்தார்கள், உண்மை. ஆனால் எப்படி? வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே அரசு ஊழியருக்குக் கிடையாது என்றுதான் அந்த ஆகஸ்ட் 6-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எழுதியது. பெரும்பாலோர் திரும்பியது, நீதிமன்றம் யோசனை சொல்லி அரசு இசைந்ததால். நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி நடத்தை விதிகளை மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகு. அதை வழக்கில் கிடைத்த வெற்றி என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். முன்னுதாரணமாக நீதிபதியிடம் காட்ட முடியாது.

“ஹைகோர்ட்டுக்குப் போனால் நான் தப்பே செய்யவில்லை என்று நிரூபித்துவிடுவேன்.”

இருப்பதிலேயே அதிகம் பேரைக் கவிழ்த்த நம்பிக்கை இது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகிறவர்கள், அங்கே சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு விசாரிப்பார்கள், பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் உண்மை வெளிவரும் என்று காத்திருக்கிறார்கள். அங்கே யாரும் சாட்சிக் கூண்டில் ஏறப்போவதில்லை. முடிவு சரியா என்பது நீதிமன்றத்தின் கேள்வி அல்ல. முடிவுக்கு வந்த வழி சரியா என்பதே கேள்வி. 1995-இல் பி.சி. சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையைத் தெளிவாக வரைந்தது. மேல்முறையீட்டு அதிகாரி போல ஆதாரங்களை மறுபடி எடைபோட நீதிமன்றத்துக்கு வேலையில்லை. தண்டனையிலும், மனசாட்சியை அதிரவைக்கும் அளவுக்கு மிகையாக இருந்தால்தான் தலையிடும்.

எவ்வளவு ஆதாரம் போதும் என்பதிலும் ஊழியர்கள் ஏமாறுகிறார்கள். கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இலாகா விசாரணையில் ‘இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று தோன்றினால் போதும். 1977-இல் ஹரியானாவின் ஒரு பஸ் நடத்துநர் வழக்கு வந்தது. காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை என்று செக்கிங்கில் பிடிபட்டவர். ஒரு பயணியைக்கூட விசாரிக்கவில்லையே, வெறும் செக்கிங் இன்ஸ்பெக்டர் பேச்சை வைத்து எப்படி வேலையைப் பிடுங்கலாம் என்று கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஒப்பவில்லை. சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகள் இலாகா விசாரணைக்குப் பொருந்தாது, நம்பத்தக்கதாக இருந்தால் செவிவழிச் செய்தியும் ஏற்கத்தக்கதே என்றார். தொழிலாளிகளுக்கு இரங்கிய நீதிபதி என்று பெயரெடுத்தவரே அப்படி எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பஸ்ஸில் வந்த பயணிகளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவா என்று கழகத்திடம் கேட்பது நடக்கிற காரியமா என்பதும் நியாயமான கேள்விதான்.

ஆனால் எதை வைத்து வேண்டுமானாலும் தண்டிக்கலாம் என்று அதிகாரிகள் இதை வாசித்துக்கொண்டால் அதுவும் தவறு. வங்கிப் பியூன் ஒருவர் மீது வரைவோலைப் புத்தகத்தைத் திருடினார் என்று குற்றச்சாட்டு. போலீசில் தந்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தையும் வழக்கு ஆவணங்களையும் மேசையில் வைத்தார்கள். அவற்றில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. முதல் தகவல் அறிக்கை என்பது தன்னளவில் ஆதாரமே அல்ல, காகிதத்தை வைத்தால் போதாது, அதன் உள்ளடக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்று 2008 இறுதியில் அந்தப் பணிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. கொஞ்சம் ஆதாரம் இருந்தால் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளும். ஆதாரமே இல்லாவிட்டால் உள்ளே வரும். எனவே வக்கீல் முதலில் கேட்பது ‘நீங்கள் செய்தீர்களா’ என்றல்ல. விசாரணைக் கோப்பில் என்ன இருக்கிறது என்றுதான்.

“விசாரணைக்கே போகாதே. நீ இல்லாமல் என்ன செய்துவிடுவார்கள்?”

ஒருதலைப்பட்சமாக நடத்தி முடித்துவிடுவார்கள். மெமோவை வாங்க மறுத்தால் வீட்டுக் கதவில் ஒட்டி, ஒட்டியதற்கு மகஜர் எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊழியர் வராவிட்டாலும் சாட்சிகளை விசாரித்துத்தான் குற்றத்தை நிரூபிக்க வேண்டும் என்று 2010-இல் உத்தரப் பிரதேச ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மெய்தான். விசாரணை அலுவலர் சுதந்திரமானவராக இருக்க வேண்டும், அரசுத் தரப்பு ஆளாக நடந்துகொள்ளக்கூடாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்தால், எதிர்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இருந்த ஒரே வாய்ப்பும் கையை விட்டுப் போய்விடும்.

தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் 1955-இன்படி ‘17 பி’ குற்றச்சாட்டு வந்துவிட்டால் டிஸ்மிஸ் வரை போகலாம் என்று பொருள். வழக்கு உருவாவது அந்த விசாரணை அறையில்தான். சென்னையிலும் மதுரையிலும் பிறகு வாதாடப்படுவது அந்த அறையில் எழுதப்பட்டது மட்டுமே. குற்றச்சாட்டில் சொல்லியிருக்கும் ஆவணங்களின் நகலை எழுத்தில் கேட்க வேண்டும். தராவிட்டால், தரவில்லை என்பதையும், எந்த எதிர்வாதத்துக்கு அது தேவை என்பதையும் இன்னொரு கடிதத்தில் எழுத வேண்டும். வாயால் கேட்டது கேட்டதாகாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லையென்றால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் ஆட்சேபத்தை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை அலுவலரே அரசுத் தரப்பு வக்கீல் போல மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டால் அதையும். இதையெல்லாம் செய்தால் ஆபீசில் தகராறுக்காரன் என்ற பெயர் வரும். வரட்டும். “அய்யா பார்த்துக்கொள்வார், சும்மா ஃபார்மாலிட்டிதான்” என்ற பேச்சை நம்பிக் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவரின் கோப்பில், பிற்பாடு எந்த வக்கீலுக்கும் பிடிமானம் கிடைப்பதில்லை.

வக்கீலை விசாரணைக்கு அழைத்துப் போக உரிமை உண்டா? பொதுவாக இல்லை, சக ஊழியரின் உதவிதான். இலாகா தன் பக்கம் சட்டம் படித்தவரை நிறுத்தினால் மட்டும் நிலைமை மாறும் என்று 1982-இல் பம்பாய்த் துறைமுக வழக்கில் தீர்ப்பு வந்தது.

“கிரிமினல் கேஸில் விடுதலை ஆகிவிட்டேன். இனி வேலை தானாக வரும்.”

இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கோலார் தங்க வயலில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர். 1985-இல் அவர் வீட்டில் போலீஸ் சோதனை; தங்க உருண்டையும் தங்கம் கலந்த மணலும் எடுத்ததாக வழக்கு. சஸ்பெண்ட் ஆனவருக்குப் பிழைப்பூதியம் தரவில்லை. கேரளத்தில் சொந்த ஊரில் உடம்புக்கு முடியாமல் கிடந்தவரால் விசாரணைக்கு வர முடியவில்லை. அவர் இல்லாமலே முடித்து டிஸ்மிஸ் செய்தார்கள். பிறகு குற்றவியல் நீதிமன்றம், அந்தச் சோதனை நடந்ததே நிரூபணமாகவில்லை என்று விடுவித்தது. இரண்டு நடவடிக்கைக்கும் அதே சம்பவம், அதே சாட்சிகள். ஒன்றில் பொய்யானது இன்னொன்றில் எப்படி மெய்யாகும் என்று கேட்டு 1999-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. பிழைப்பூதியம் தராமல் பட்டினி போட்டுவிட்டு, விசாரணைக்கு வரவில்லை என்று குறை சொல்ல முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

மற்றது நம் ஊரில் நடந்தது. 1999-இல், தென்காசி பேருந்து நிலையத்தில் கணவருடன் நின்றிருந்த ஒரு பெண்ணிடம் குடிபோதையில் அத்துமீறியதாகக் காவலர் ஒருவர் மீது குற்றச்சாட்டு. இலாகா விசாரணையில் குற்றம் நிரூபணமாகி டிஸ்மிஸ். குற்றவியல் நீதிமன்றத்தில் அந்தத் தம்பதியே பிறழ்சாட்சி ஆனார்கள்; விடுதலை. அதை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றம் வேலையைத் திருப்பித் தந்தது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. சாட்சி பிறழ்ந்ததாலோ சந்தேகத்தின் பலனாலோ கிடைக்கும் விடுதலை, மரியாதையோடு கிடைத்த விடுதலை ஆகாது.

“தண்டனைக்கு முன்னால் இரண்டாவது நோட்டீஸ் தரவில்லை, ஆர்டர் செல்லாது.”

ஒரு காலத்தில் சரி. 1976-இல் 42-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இன்ன தண்டனை தரப்போகிறோம் என்று முன்கூட்டிக் கேட்க இப்போது அவசியமில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்திருக்கிறது: விசாரணை அலுவலரின் அறிக்கை நகலைத் தந்து, அதன்மேல் விளக்கம் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். 1990 நவம்பரில் பிறந்த இந்த விதியை 1993-இல் இ.சி.ஐ.எல். வழக்கின் அரசியல் சாசன அமர்வு உறுதியாக்கியது. விசாரணை அலுவலர் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதி, மேலதிகாரி அதை ஏற்காமல் தண்டிக்க நினைத்தால், ஏன் ஏற்கவில்லை என்ற காரணங்களையும் முதலில் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1998-இன் பஞ்சாப் நேஷனல் வங்கித் தீர்ப்பு. நடைமுறையில் ஆணைகள் அடிக்கடி உடைவது இங்கேதான்.

உடைந்தால் உடனே மாலை மரியாதையோடு ஆபீசுக்குப் போகலாம் என்று எண்ண வேண்டாம். அறிக்கை தராததால் உண்மையிலேயே பாதிப்பு உண்டா என்று நீதிமன்றம் முதலில் பார்க்கும். உண்டு என்றாலும், எந்தக் கட்டத்தில் தவறு நடந்ததோ அங்கிருந்து மறுபடி நடத்து என்று திருப்பி அனுப்புவதே வழக்கம். ஊழியர் சஸ்பென்ஷனில் இருந்தபடி அதே விசாரணையை இன்னொரு முறை சந்திக்க வேண்டிவரும். பின்சம்பளமும் அந்த இரண்டாவது முடிவைப் பொறுத்தது. பணிநீக்கமே தவறு என்று முடிவான வழக்குகளில் பின்சம்பளம் தருவதே இயல்பான விதி என்று 2013-இல் ஒரு பள்ளி ஆசிரியை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இடைக்காலத்தில் வேறு வருமானம் இல்லை என்று ஊழியர் மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு.

“மனு மேல் மனு போட்டுக்கொண்டே இரு. கேஸ் உயிரோடு இருக்கும்.”

இருக்காது. மேல்முறையீட்டுக்குத் தமிழக அரசு ஊழியருக்கு இரண்டு மாதம், மத்திய அரசு ஊழியருக்கு 45 நாள். மத்திய ஊழியர் மேல்முறையீட்டை முடித்துக்கொண்டு, அல்லது ஆறு மாதம் பதில் வராமல் காத்துவிட்டு, ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மாநிலத்துக்கென்று இருந்த தீர்ப்பாயம் இப்போது இல்லை என்பதால் தமிழக ஊழியர் நேரே உயர் நீதிமன்றம் போகிறார். அங்கே நாள் கணக்குச் சட்டத்தில் எழுதப்படவில்லை, ஆனால் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். முதலமைச்சரின் தனிப்பிரிவு, துறைச் செயலாளர், மறுபடி தனிப்பிரிவு என்று அனுப்பிய மனுக்களின் ரசீதுக் கட்டு அதற்குக் காரணம் ஆகாது.

தமிழ்நாட்டின் புவியியல் சுரங்கத் துறையில் 1982-இல் வேலை இழந்த ஒருவர் 18 ஆண்டுகள் கழித்து 2000-இல் மனு கொடுத்தார். மனுவைப் பரிசீலியுங்கள் என்று ஓர் உத்தரவு வாங்கினார். துறை பரிசீலித்து மறுத்தது. அந்த மறுப்பைப் புதிய வழக்காக்கிக்கொண்டு மேலே போனார். 2008-இல் உச்ச நீதிமன்றம், செத்துப்போன கோரிக்கைக்கு ‘பரிசீலனை உத்தரவு’ மூலம் உயிர் கொடுக்க முடியாது என்று சொல்லித் தள்ளுபடி செய்தது.