குறி தவறா ஒளிக்கற்றை

நுழையும்முன்

ஒளியில் செய்தியை ஏற்றி அனுப்பக் கண்ணாடி இழை வேண்டும் என்பதில்லை, திறந்தவெளியும் போதும். ஆனால், அங்குக் கற்றையை நெறிப்படுத்த இழை இல்லை. அது குறி தவறாமல் காக்கப்படும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒளியின் வழியே குரல்

1880ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய உதவியாளர் டெயின்டரும் வாஷிங்டன் நகரில் சூரிய ஒளியில் குரலை ஏற்றி, ஏறத்தாழ 213 மீட்டர் தொலைவுக்கு அனுப்பினர். இன்று சூரிய ஒளியின் இடத்தை அகச்சிவப்பு லேசர் கற்றை பெற்றுள்ளது.

ஆற்றைக் கடந்த ஒளி

ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றின் இருகரைகளில் பிராசவில், கின்ஷாசா என்னும் தலைநகரங்கள் எதிரெதிரே உள்ளன. ஆழமும் விரைவும் மிக்க அவ்வாற்றில் வடம் பதிப்பது கடினம். 400 கிலோமீட்டருக்கும் மேல் சுற்றிவந்த இழைவடத்தால் கின்ஷாசாவில் இணையக் கட்டணம் மிகுந்தது. 2021ஆம் ஆண்டில் ஆல்ஃபபெட் நிறுவனத்தின் ‘தாரா’ திட்டம், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் இடைவெளியை ஒளியால் இணைத்தது. 20 நாள்களில் ஏறக்குறைய 700 டெராபைட் தரவு ஆற்றைக் கடந்தது.

குறி விலகுவது ஏன்?

கற்றை ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு திரும்பினாலும், 5 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் விலகிவிடும். காற்றில் கோபுரம் அசைகிறது. வெயிலில் கட்டடம் ஒருபுறமாக விரிகிறது. வெப்பநிலை மாறும் காற்றடுக்குகள் ஒளியை வளைக்கின்றன. கற்றையை அகலமாக்கினால் குறி தவறுவது குறையும். ஆனால், ஒளி சிதறிப் பரவுவதால் ஏற்பியை அடையும் அளவும் குறையும்.

திருத்தும் ஆடி

ஆகவே, விலகலை உடனுக்குடன் திருத்த வேண்டியுள்ளது. பெரிய விலகலைக் கருவி முழுவதையும் திருப்பும் மின்பொறி சரிசெய்கிறது. நுண்ணிய விலகலைச் சிறிய ஆடி சரிசெய்கிறது. வந்துசேரும் ஒளியின் ஒரு பகுதி, நான்கு கூறுகள் கொண்ட உணரியின் நடுவில் விழும். கற்றை விலகினால் ஒரு கூற்றில் ஒளி மிகும், எதிர்க்கூற்றில் குறையும். அவ்வேறுபாட்டைக் கணித்து, ஆடி நொடிக்குப் பலநூறு முறை திருப்பப்படுகிறது. இருமுனைகளும் இவ்வாறு ஒன்றையொன்று நோக்கியே நிற்கின்றன.

எல்லை

அடர்ந்த மூடுபனி ஒளியையே மறைத்துவிடும். அதனை ஆடியால் திருத்த இயலாது. அவ்வேளைகளில் வானொலி அலை இணைப்பு துணைநிற்கிறது. எனினும், வடம் செல்ல இயலாத கரைக்கும் மலைக்கும் இணையத்தைக் கொண்டுசேர்க்க இந்நுட்பம் வழிவகுக்கிறது. ஒருமுறை குறிபார்த்தலன்று, ஒவ்வொரு நொடியும் குறியைத் திருத்திக்கொள்வதே அதன் அடிப்படை.