மடத்து உக்கிராணக்காரர்



ஸ்தாபனத்தை நடத்தும் ஒருவருக்கு எத்தனை வேலை? கனடா தேசத்துப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், ஐந்து தலைவர்களை அருகிருந்து கவனித்து, 1973-ம் வருஷம் வெளியிட்ட நூலில் பத்து வேலை என்று கணக்குச் சொன்னார். அதற்கு ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்பே, இத்தாலியில் மோந்தே கசீனோ மலைமேல் மடம் ஸ்தாபித்த அர்ச். ஆசீர்வாதப்பர், தமது சந்நியாசிகளுக்கு எழுதிய 73 அதிகார ஒழுங்கில் இவ்வேலைகளை ஆள் ஆளாகப் பங்கிட்டு வைத்தார்.

தலைவர் மடாதிபதி, அவர் எல்லாருக்கும் தந்தை. முக்கிய காரியம் வந்தால் அனைவரையும் கூட்டி யோசனை கேட்கவேண்டும். முடிவு மட்டும் அவருடையது. இளையவரையும் ஏன் கூப்பிடவேண்டும்? சர்வேசுரன் பலமுறை நல்லதை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அர்ச்சியசிஷ்டவரின் காரணம். நம் பங்குக் கூட்டத்திலோ வாலிபன் எழுந்தால், “நீ உட்கார் தம்பி” என்கிறோம்!

பத்துப் பேருக்கு ஒரு மூப்பர் உண்டு. துணைத்தலைவரை நியமிக்க மாத்திரம் அவர் தயங்கினார். அந்த ஆள் தன்னை இரண்டாம் மடாதிபதியாக எண்ணிக்கொண்டால் மடத்தில் கட்சி பிறக்குமாம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் உக்கிராணக்காரர். 31-ம் அதிகாரம் முழுதும் அவரைப் பற்றியதே. சாவி அவர் கையில். பெருந்தீனிக்காரராகவோ, ஊதாரியாகவோ, கஞ்சராகவோ இருக்கலாகாது. மண்வெட்டியையும் பானையையும் பீடத்துப் பாத்திரம்போல் பேணவேண்டும். நோயாளிகள், சிறுவர், விருந்தினர், ஏழைகள் ஆகியோருக்காக நடுத்தீர்வை நாளில் அவர் கணக்குக் கொடுக்கவேண்டும். வேலை மிகுந்தால் அவருக்கு உதவியாட்கள் தரவேண்டும். அவர் மனம் கலங்காதிருப்பதற்காக. கேட்டதைக் கொடுக்க இல்லையென்றாலோ, நல்ல வார்த்தையாவது சொல்லியனுப்ப வேண்டும்.

இங்கே என் குற்றத்தைச் சொல்லவேண்டும். சென்ற மாதம் பிள்ளையின் படிப்புக்காக உதவி கேட்டு ஒரு தாய் வந்தார். கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, “தரும நிதியில் பணம் இல்லை அம்மா” என்றேன். பணம் இல்லாதது மெய். ஆனால் எந்த வகுப்பு, எவ்வளவு குறைகிறது என்று நான் கேட்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. மறுவாரம் அவர் வீட்டுக்குச் சென்றேன். கதவு பூட்டியிருந்தது. இன்னும் பார்க்கவில்லை.

நிதியைப் பற்றி யோசிக்க, வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் குருமனையில் கூட்டம் நடைபெறும். பெரியவர்களோடு வாலிபரும் பெண்பிள்ளைகளும் வரவேண்டும். முதலில் இளையவர் பேசுவார்கள்.

உங்கள் பங்குச் சுவாமி